ஓரக்கண் அக்கா சொன்ன பெட்டி

அந்தக் குழுவில் பத்தொன்பது பேர். பதினெட்டுப் பேருக்குப் பார்வை சுத்தமாகக் கிடையாது. மிச்சம் ஒருத்திக்கு மட்டும் ஓரத்தில் கொஞ்சம் தெரியும். நடுவில் எல்லாம் கரி பூசினாற்போல் இருட்டு. ஆனால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தால், இடது ஓரத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்கு உலகம் கிடைக்கும். "அறுபது வயசுல ஓரக்கண்ணால பாக்கறாங்கப்பா, எல்லாரும் ஜாக்கிரதையா இருங்க" என்று கண்டக்டர் முதல் நாளே கிண்டல் பண்ணிவிட்டார். அன்றிலிருந்து அவள் ஓரக்கண் அக்கா.

கண்டக்டர் நிஜமாகவே கண்டக்டராக இருந்தவர். முப்பது வருஷம் பஸ்ஸில் தொங்கியவர். கண் போய், வேலை போய், தொண்டை மட்டும் அப்படியே தங்கிவிட்டது. குழுவை ஆரம்பித்ததும் அவர்தான், கட்டி மேய்ப்பதும் அவர்தான். வியாழக்கிழமை பத்து மணிக்கு வேன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் சமூகக் கூடத்தில் இறக்கும். அங்கே அப்படி என்னதான் நடக்கும் என்கிறீர்களா? ஊசியால் புள்ளி குத்திய சீட்டுக்கட்டில் ஒரு ஆட்டம். உள்ளே மணி போட்ட பந்தை உருட்டி ஒரு விளையாட்டு. ஒருத்தர் தோளில் ஒருத்தர் கை வைத்துப் பூங்காவைச் சுற்றி ஒரு நடை. மற்றபடி டீ, பிஸ்கட், வம்பு. வம்புதான் அதிகம். மாவு மில் நடத்திய மில்லுக்காரம்மா தன் மருமகளைப் பற்றி ஆரம்பித்தால் டீ ஆறி ஏடு படர்ந்த பிறகும் முடிக்கமாட்டாள்.

அக்காவுக்கு அங்கே ஒரு உத்தியோகமே இருந்தது. "அக்கா, வானம் எப்படி இருக்கு?" "அக்கா, இந்தப் புடவை சாயம் போயிடுச்சுன்னு மருமக சொல்றா, நெசமா?" தலையைச் சாய்த்துப் பார்த்துச் சொல்வாள். சொன்னால் சொன்னதுதான், மேலே அப்பீல் கிடையாது. கண்ணை நம்பிச் சோறு தின்றவள் அவள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து அணுக்களை எண்ணியவள். தன் கண்ணால் பார்க்காத ரிப்போர்ட்டில் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. பெரிய டாக்டரே வந்து நின்று அவசரப்படுத்தினாலும் "இருங்க சார், பாத்துட்டுத் தர்றேன்" என்பாள். சர்க்கரை வியாதி கண்ணின் நடுவைத் தின்றுவிட்ட பிறகு, "பாத்துச் சொல்லுங்க" என்று அவளிடம் கேட்க இந்தப் பதினெட்டுப் பேர்தான் இருந்தார்கள்.

அந்த ஓரமும் நாலு மாசத்துக்கு முன்னால் போய்விட்டது.

ஒரு காலையில் பல் தேய்க்கப் போனவள் தலையைச் சாய்த்தாள். குழாய் தெரியவில்லை. இன்னும் சாய்த்தாள். கழுத்து வலித்ததுதான் மிச்சம். கத்தியிருக்கலாம், அழுதிருக்கலாம். எதுவும் வரவில்லை. கையால் தடவிக் குழாயைக் கண்டுபிடித்து, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "என்னம்மா, காப்பி ஆறுது" என்றாள் மகள். "குடிக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, தொட்டால் வேறு யாரோ கன்னத்தைத் தொட்டதுபோல் இருக்குமே, உள்ளே அந்த மாதிரி ஆகியிருந்தது. மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இழுத்துக்கொண்டு அலையும். டாக்டர்தான் எப்போதோ கையை விரித்துவிட்டாரே. குழுவிலும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது, அது கொஞ்சம் வெட்கக்கேடான காரணம். சொல்லிவிட்டால் அவளும் பத்தொன்பதில் ஒருத்தி. அப்புறம் யார் அவளிடம் வானம் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள்?

ஆகவே புளுக ஆரம்பித்தாள். "மேகமா இருக்கு" என்பாள். காற்று ஈரமாக இருந்தால் மேகம் இருக்கும், இதற்குக் கண் எதற்கு? "சாயமா? சும்மா சொல்றா உங்க மருமக. பளிச்சுன்னு இருக்கு" என்பாள். மில்லுக்காரம்மாவுக்கு வாயெல்லாம் பல். ஒவ்வொரு புளுகுக்கும் வாய் கூசவேண்டும் என்று அக்காவுக்குத் தெரிந்தே இருந்தது. கூசவில்லை, என்ன செய்ய? வாரத்தில் ஆறு நாள் நாற்காலி, ரேடியோ, சாயங்காலம் மகள் சாவியைத் திருகும் சத்தம். வியாழக்கிழமை மட்டும் உள்ளே எங்கோ லேசாக ஒன்று அசையும். அதுவும் போய்விட்டால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பார்க்கவே அவளுக்குத் தெம்பில்லை.

யோசிக்கவேண்டிய நாளும் வந்து சேர்ந்தது. வேனுக்கும் கூடத்துக்கும் பணம் தந்துகொண்டிருந்தது வட்டார நிதி. மூன்று வருஷமாகக் கேட்டதும் கொடுத்தவர்கள் இந்த வருஷம் விதியை மாற்றிவிட்டார்கள். யாருக்குக் கொடுப்பது என்று வட்டாரத்து ஜனங்களே ஓட்டுப் போட்டுச் சொல்லட்டும் என்றார்கள். ஆறு திட்டம், ஆறு பெட்டி, ஓட்டுச் சீட்டுக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் வில்லை. எந்தப் பெட்டியில் வில்லை அதிகமோ அதற்கே நிதி, மற்றதெல்லாம் அடுத்த வருஷம் வந்து பாருங்கள். அடுத்த வருஷம்வரை வேன் காத்துக்கொண்டிருக்குமா என்ன? குழு அத்தோடு கலைந்துவிடும், அது எல்லோருக்கும் தெரியும்.

விண்ணப்பத்தில் 'இதனால் சமுதாயத்துக்கு என்ன பயன்?' என்று ஒரு கேள்வி இருந்ததாம். "வாரத்துக்கு ஒருநாள் நாங்க வெளிய போறோம், வீட்டுல இருக்கறவங்க நிம்மதியா இருக்காங்கன்னு எழுதும்மா" என்றார் கண்டக்டர். எழுதிக்கொண்டிருந்த அவர் மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாளாம். கடைசியில் ஏதோ கௌரவமாக எழுதி அனுப்பினார்கள். உங்கள் பெட்டிக்கு மஞ்சள் நிறம் என்று பதில் வந்தது.

பாருங்கள் அநியாயத்தை! பெட்டிக்குப் பெட்டி ஒரு கலர், பெட்டிக்குப் பெட்டி ஒரு அழகான படம். தடவினால் தெரிகிற மாதிரி ஒரு பொத்தானாவது ஒட்டிவைக்க அந்த ஆபீஸில் ஒரு புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. "நமக்கு என்ன கவலை, ஓரக்கண் அக்கா இருக்காங்க" என்றார் கண்டக்டர். அந்த இடத்தில் அக்காவுக்குப் பயம் வந்திருக்கவேண்டும், வரவில்லை. "ஆமா, நான் பாத்துச் சொல்றேன்" என்றாள், அதே குரலில்.

ஓட்டு ஞாயிற்றுக்கிழமை காலை, அதே சமூகக் கூடத்தில். வேன் நின்றதும் அக்கா வழக்கம்போல் முன்னால் இறங்கி நடந்தாள். கூடத்தின் படி எத்தனை, கதவு எந்தப் பக்கம் என்பதெல்லாம் காலுக்கு மனப்பாடம். மற்றவர்கள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

கூடத்துப் பொறுப்பாளர் வாசலிலேயே நின்றிருந்தார். வியாழக்கிழமை கதவு திறந்து நாற்காலி போட்டு வைக்கிற மனுஷன், ஒப்பந்த வேலை, ஐம்பதைத் தாண்டியவர். "வாங்கக்கா. ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க, கண்ணு தெரியாதவங்களுக்குப் பெட்டி வரிசையை நான் சொல்லணுமாம். ஓட்டுப் போடறப்ப மேஜைகிட்ட நான் வரக்கூடாது, அதனால இங்கயே சொல்லிடறேன். மொதப் பெட்டி…"

"வேணாம்ப்பா."

"இல்லக்கா, சொல்லணும்னு…"

"எனக்குக் கண்ணு இருக்குல்ல? எல்லாருக்கும் நானே பாத்துச் சொல்லிக்கறேன், நீ போய் உன் வேலையைப் பாரு."

அவர் ஒதுங்கிக்கொண்டார். பதினெட்டுப் பேரும் படியேறி வரும் சத்தம் கேட்டது. அக்கா மேஜைவரை போனாள். தலையைச் சாய்த்தாள். ஒன்றுமில்லை. மறுபக்கம் சாய்த்தாள். ஜன்னல் வெயில் கன்னத்தில் சுட்டது, கண்ணுக்குள் ஏதோ வெளுத்த மாதிரி இருந்தது, அல்லது வெளுத்ததாக நினைத்துக்கொண்டாள். பெட்டிகளின்மேல் கையை ஓட்டிக்கொண்டே வந்தாள். வெயில் சூடு ஏறியிருந்த பெட்டியில் கை நின்றது. நாலாவது பெட்டி.

இந்த நிமிஷம் திரும்பி வாசலுக்குப் போய், "தம்பி, எதுப்பா மஞ்சள்?" என்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. வாய் அதற்குத் திறக்கவில்லை.

"நாலாவது பெட்டி" என்றாள் உரக்க. "இந்தக் கோடியிலேருந்து நாலாவது. மஞ்சள். எனக்குத் தெளிவாத் தெரியுது."

வரிசையில் யாரோ செருமினார்கள். அப்புறம் கண்டக்டர், "ரைட், போலாம்!" என்று குரல் கொடுத்தார். தோளில் கை வைத்து வரிசை நகர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று தடவி எண்ணி ஒவ்வொருத்தராக வில்லையைப் போட்டார்கள். அது விழும் சத்தம் பதினெட்டுத் தடவை கேட்டது. கடைசியாக அக்கா போட்டாள்.

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. ஜெயித்தது நாய்த் திடல். நாய்கள் கயிறு இல்லாமல் ஓடி விளையாட வேலி போட்ட மைதானம். அறுபத்தொரு வில்லை. குழுவின் பெட்டியில் நாற்பத்தெட்டு.

கண்டக்டர் ஆபீஸுக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்தார். நாங்கள் பத்தொன்பது பேரும் நாலாவது பெட்டியில்தான் போட்டோம், எண்ணியதில் ஏதோ தப்பு என்றார். போனில் இருந்த அதிகாரி அம்மா காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், நாலாவது நாய்த் திடல். உங்களுது அஞ்சாவது" என்றாள். கண்டக்டர் போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை அதிகாரி அம்மாவே கூடத்துக்கு வந்துவிட்டாள். கெட்டவள் இல்லை. குரலில் ஒரு தவிப்பு இருந்தது. பத்தொன்பது நாற்காலிக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, விதியை நிதானமாகச் சொன்னாள். பார்வை இல்லாதவர்களுக்குப் பெட்டி வரிசையைச் சொல்லவேண்டியது கூடத்துப் பொறுப்பாளரின் வேலை. அவர் சொல்லத் தவறியிருந்தால் அது எங்கள் பக்கத்துப் பிழை, மறு ஓட்டு வைக்கலாம். அவர் சொல்ல வந்து நீங்களாக வேண்டாம் என்றிருந்தால், முடிவு முடிவுதான்.

"மறு ஓட்டு வச்சா ஜெயிச்சிடுவீங்க" என்றாள். "உங்க பத்தொம்பது பேர்ல ஏழு பேர் சரியாப் போட்டிருந்தாலே போதும்."

பொறுப்பாளர் கதவோரம் நின்றிருந்தார். "நான் சொல்ல வந்தேங்க" என்றார். "அக்காதான் வேணாம்னாங்க. எம்பேர்ல எழுதிடாதீங்கம்மா, ஒப்பந்தத்தை ரத்து பண்ணிடுவாங்க."

"எங்ககிட்ட யாரும் எதுவும் சொல்லலையே" என்றாள் மில்லுக்காரம்மா. அது உண்மைதான். அவர்கள் படியேறி வருவதற்குள் அந்தப் பேச்சு முடிந்துபோயிருந்தது.

"அவர் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலதானேக்கா?" என்று கேட்டார் கண்டக்டர். எப்போதும் பஸ் கூரையைத் தூக்குகிற குரல், அன்றைக்குக் காதில் சொல்கிறமாதிரி இருந்தது. "ஆமான்னு சொல்லுங்க. ஒரு வார்த்தைதான்."

ஒரு வார்த்தைதான். ஆமா என்றால் வேன் ஓடும், சீட்டாட்டம் நடக்கும், மில்லுக்காரம்மாவின் மருமகளுக்கு வாராவாரம் பூசை விழும். அக்காவின் ஓரக்கண்ணும் பத்திரமாக இருக்கும். போவது கதவோரம் நிற்கிற ஒருத்தரின் வேலை. அக்கா இதையெல்லாம் அடுத்தவீட்டு விவகாரம்போல யோசித்தாள். பயமில்லை, பதற்றமில்லை. இப்படி ஒரு இடத்தில்கூட மனசு கட்டையாகக் கிடக்கிறதே என்று மட்டும் தோன்றியது. பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அதிகாரி அம்மா எழுதப் போகிறாள், இவள் கையெழுத்துப் போடவேண்டும்.

"நான் பாக்கலை" என்றாள் அக்கா.

"எதைம்மா?"

"பெட்டியை. நான் பாக்கவே இல்லை. அந்தத் தம்பி சொல்லத்தான் வந்தார், நான்தான் வேணாம்னேன். எனக்கு ஓரமும் போயிடுச்சு. நாலு மாசமாச்சு. குத்துமதிப்பா நாலாவதுன்னு சொன்னேன். அவர்மேல எழுதாதீங்க."

அதிகாரி அம்மா உடனே எழுதவில்லை. "யோசிச்சுச் சொல்றீங்களாம்மா?" என்றாள்.

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

"அப்ப முடிவை மாத்த முடியாதும்மா. வேன் இந்த மாசக் கடைசிவரைதான்." எழுதி, படித்துக் காட்டி, அக்காவின் விரலைப் பிடித்துக் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் வைத்தாள். அக்கா போட்டாள். அதிகாரி அம்மா எல்லோரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பொறுப்பாளரும் பின்னாலேயே போனார்.

இனி வாங்கிக்கட்டிக்கொள்ளவேண்டியதுதான் என்று அக்கா மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டட்டும். பதினெட்டுப் பேரின் வியாழக்கிழமையைத் தின்றவள். ஒருத்தரும் திட்டவில்லை.

"அந்த ஆளைப் பலிகொடுக்கப் பாத்தது தப்புதான்" என்றார் கண்டக்டர். "ஆனா எனக்கு முன்னாடியே தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"உங்களுக்கு ஓரமும் இல்லைன்னு. மூணு மாசமாத் தெரியும். முன்னெல்லாம் நீங்க தண்ணி ஊத்தினா ஒரே மூச்சுல ஊத்துவீங்க. இப்ப ஜக்கு டம்ளர் விளிம்புல தட்டுது, நின்னு நின்னு ஊத்தறீங்க. எங்களை மாதிரியே டம்ளருக்குள்ள விரலை விட்டுப் பாக்கறீங்கன்னு புரிஞ்சுபோச்சு."

அக்காவுக்கு முகம் சுட்டது. எத்தனையோ மாசம் கழித்து முகம் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. "தெரிஞ்சுமா நாலாவதுல போட்டீங்க?"

"நீங்கதான் தெளிவாத் தெரியுதுன்னு அவ்வளவு சத்தமாச் சொன்னீங்களே. அதுக்கப்புறம் நான் போய் இன்னொருத்தரைக் கேட்டா உங்க காதுல விழாதா? நான் ஒருத்தன்தானே, என் ஒரு வில்லையில என்ன குடிமுழுகிடப் போகுது, மத்தவங்க உங்க பேச்சை நம்பாம விசாரிச்சுச் சரியாப் போட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

"அட கடவுளே" என்றாள் மில்லுக்காரம்மா. "நானும் அதையேதான் நெனச்சேன். என் புடவை சாயம் போய்ப் பழந்துணியாக் கெடந்ததை என் பேத்திகூடச் சொன்னா. நீங்க பளிச்சுன்னு இருக்குன்னீங்க. அன்னிக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும்" என்றது பின்வரிசையில் ஒரு குரல். அந்தக் குரல் குழுவில் பேசுவதே அபூர்வம்.

"எனக்கும்தாங்க."

"நானும் ஒரு வில்லைதானேன்னு…"

ஒவ்வொன்றாக வந்தது. அக்கா எண்ணினாள். எண்ணக்கூடாது என்று பார்த்தாள், இருபத்தாறு வருஷத்துப் பழக்கம், எண்ணிவிட்டாள். ஏழைத் தாண்டிப் போனது. ஒன்பது, பத்து. பதினொன்றோடு நின்றது. பதினொரு பேர் தப்பான பெட்டி என்று சந்தேகப்பட்டே, அவள் மனசு நோகக்கூடாது என்று, அவரவர் வில்லையை அவள் காட்டிய இடத்தில் போட்டிருக்கிறார்கள். மரத்துக் கிடந்தது எங்கோ விட்டுப்போனது. ஊசி வேகம் தீர்ந்ததும் பல் பிடுங்கிய இடம் வலிக்க ஆரம்பிக்குமே, அப்படி வலித்தது. நாலு மாசத்து அழுகை மொத்தமாகப் பொங்கி வந்தது.

"பாவிங்களா!" என்று கத்திவிட்டாள். "பதினோரு பேர்ல ஒருத்தராவது என்னைக் கேட்டிருக்கக்கூடாதா? அக்கா, உனக்கு நெசமாத் தெரியுதான்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா எல்லாம் பொழைச்சிருக்குமேடா!"

கூடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கண்டக்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கேட்டிருந்தா, அதுக்கடுத்த வியாழக்கிழமை நீங்க இங்க வந்திருப்பீங்களாக்கா?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பொய் சொல்லலாமா என்று பார்த்தாள், வரவில்லை.

"வந்திருக்கமாட்டேன்" என்றாள்.

"அதான்" என்றார் கண்டக்டர்.